காப்பாளர்-துடுப்பாட்டக்காரர் (இலங்கைக் கிரிக்கெட்)

காப்பாளர்-துடுப்பாட்டக்காரர் என்பது, கிரிக்கெட் ஆட்டத்தில் விக்கெட்டின் பின்னே கையுறையணிந்து நின்று பந்தைக் காக்கும் பொறுப்பையும், துடுப்பெடுத்தாடி ஓட்டம் சேர்க்கும் பொறுப்பையும் ஒருங்கே ஏற்று, பெரும்பாலும் பின்னதன் மேன்மை காரணமாகவே அணியில் ஸ்தானம் பெறும் ஆட்டக்காரரைக் குறிக்கும். இலங்கை 1982ஆம் ஆண்டில் டெஸ்ட் அந்தஸ்துடன் ஆடத் தொடங்கிய நாள் முதல் இன்றளவும், காப்பில் வல்லவரைத் தெரிவதா, துடுப்பில் வல்லவரிடம் கையுறையை ஒப்படைப்பதா என்னும் வினா அதன் தேர்வாளர்களை விட்டு அகலாது தொடர்ந்து வந்துள்ளது. அந்த வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே இக்கட்டுரையின் பொருளாகும்.

காப்பாளரின் கடமை

துடுப்பாட்டக்காரர் அடித்த ஒவ்வோர் ஓட்டமும் புள்ளியேட்டில் அவர் பெயருக்கு எதிரே பதிவாகிறது; பந்துவீச்சாளர் சாய்த்த ஒவ்வொரு விக்கெட்டும் அவ்வாறே பதிவாகிறது; ஆனால் காப்பாளரோ, நாளொன்றுக்குத் தொண்ணூறு ஓவர் வீசப்படும் டெஸ்ட் ஆட்டத்தில் ஐந்நூற்று நாற்பது தடவை குந்தியெழுந்து, கால் பக்கத்தே சறுக்கிச் செல்லும் பந்தையும், மட்டையின் விளிம்பை மயிரிழையில் தப்பி வரும் பந்தையும் தடுத்து நிறுத்தினாலும், அவர் பிடித்த பிடிகளும் செய்த ஸ்டம்பிங்குகளும் நீங்கலாக வேறெதுவும் ஏட்டில் ஏறுவதில்லை. தவறவிட்ட பந்து மாத்திரம் உதிரி ஓட்டமாக எல்லோர் கண்ணிலும் படும். இவ்வாறு நன்மை மறைந்தும் பிழை வெளிப்பட்டும் நிற்கும் தொழிலாகையால், அதன் மதிப்பை எண்களால் நிர்ணயித்தல் எளிதன்று. எண்களால் நிர்ணயிக்க முடியாதது தேர்வாளர் முன்னிலையில் தோற்றுப்போவதும் புதுமையன்று.

வேகப்பந்துக்குப் பல அடி பின்னே நின்று பாய்ந்து பிடிப்பது ஒருவகைச் சாமர்த்தியம். சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று, துடுப்பாட்டக்காரரின் உடல் பந்தை மறைத்த கணத்திலும் அது எங்கே எழும், எப்பக்கம் திரும்பும் என்பதை உணர்ந்து கையுறைகளை அங்கே கொண்டுசெல்வது வேறொருவகைச் சாமர்த்தியம். இலங்கை ஆடுகளங்கள் பெரும்பாலும் சுழலுக்கு இடங்கொடுப்பவை. ஆதலால் பிற நாடுகளில் மன்னிக்கப்படக்கூடிய காப்புக் குறைபாடு இங்கே ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடும்.

உலகத்து முன்னோடிகள்

துடுப்பாட்டத்தின் பொருட்டே காப்பாளர் தெரிவு செய்யப்படும் வழக்கத்தின் ஆரம்ப உதாரணமாக இங்கிலாந்தின் லெஸ் ஏம்ஸ் குறிப்பிடப்படுவதுண்டு. காப்பாளராகப் பிரசித்தி பெற்றவர்களுள் முதல்தர ஆட்டங்களில் நூறு சதங்களைக் கடந்தவர் அவர் ஒருவரே. மேற்கிந்தியத் தீவுகளின் கிளைட் வோல்கொட், 1950இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 168 ஓட்டங்களைக் குவித்தபோது கையுறையணிந்தவராகவே ஆடினார். பின்னர் முதுகு உபாதையால் காப்பைக் கைவிட்டு முழுநேரத் துடுப்பாட்டக்காரரான அவர், 1955இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான ஒரே தொடரில் ஐந்து சதங்கள் அடித்தார். இந்தியாவில் புதி குந்தரனும் பாரூக் எஞ்சினியரும் காப்பாளர் ஸ்தானத்துக்குப் பல்லாண்டு போட்டியிட்டனர். முன்னவர் 1964 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 192 ஓட்டங்களும், பின்னவர் 1967 ஜனவரியில் அதே நகரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மதிய உணவு இடைவேளைக்கு முன்னரே 94 ஓட்டங்களும் குவித்தமை, கையுறையணிந்தவர் துடுப்பாலும் ஆட்டத்தை ஆளலாம் என்பதைத் தென்னாசிய ரசிகர்களுக்குப் புலப்படுத்தின.

இலங்கையில் தொடக்க காலம், 1982 முதல் 1991 வரை

1982 பெப்ரவரி 17ஆம் திகதி, தமிழரான கிரிக்கெட் நிர்வாகி பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கிய கொழும்பு மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியபோது, விக்கெட்டின் பின்னே நின்றவர் மஹேஸ் குணதிலக்க. காப்பின் நுட்பத்திலே இவருக்கு ஈடாக இலங்கையில் வேறொருவர் தோன்றியதில்லை என்பது அக்காலத்தவர் பலரின் அபிப்பிராயம். துடுப்பாட்டமோ அவருக்கு உபதொழிலாகவே இருந்தது. ஐந்து டெஸ்ட் ஆட்டங்களோடு அவருடைய சர்வதேச வாழ்வு முடிவுற்றது. அதற்குக் காரணம் ஆற்றல் குறைவன்று. இனவொதுக்கலின் பொருட்டு உலகம் விலக்கிவைத்திருந்த தென்னாபிரிக்காவுக்கு 1982இன் இறுதியில் சென்ற தடைமீறிய அணியில் அவரும் இடம்பெற்றமையால், மற்றையோருடன் சேர்த்து 25 ஆண்டுத் தடைக்கு உள்ளானார். தேர்ந்த காப்பாளர் ஒருவரை முதற்படியாகக் கொண்டு ஒரு மரபை வளர்க்கும் வாய்ப்பு இவ்வாறு தொடக்கத்திலேயே அறுபட்டது.

அவர் விட்டுச்சென்ற இடத்தைக் கை டி அல்விஸ் சிறிது காலமும், இடதுகை ஆரம்பத் துடுப்பாட்டக்காரரான அமல் சில்வா சிறிது காலமும் நிரப்பினர். அமல் சில்வா 1984 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 102 ஓட்டங்கள் பெற்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்தியாவை வென்று இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டிய ஆட்டத்தில், 111 ஓட்டங்கள் குவித்ததோடு ஒன்பது பேரைக் காப்பாளராக ஆட்டமிழக்கவும் செய்தார். ஒரே ஆட்டத்தில் இரு பொறுப்பையும் இத்துணைப் பூரணமாக நிறைவேற்றியவருக்கும் ஒன்பது டெஸ்ட்களுக்கு மேல் வாய்க்கவில்லை.

பிரெண்டன் குருப்புவின் கதை இன்னும் விசித்திரமானது. ஒருநாள் ஆட்டங்களில் அடித்தாடும் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக அறியப்பட்ட இவர், 1987 ஏப்ரலில் நியூஸிலாந்துக்கு எதிராகக் கொழும்பிலே தன் முதல் டெஸ்டை ஆடியபோது, 777 நிமிடங்கள் களத்தில் நின்று ஆட்டமிழக்காமல் 201 ஓட்டங்களைச் சேர்த்தார். இலங்கையர் ஒருவரின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதம் அதுவே. எதிரணியின் துடுப்பாட்டத்தின்போது காப்பாளராக நின்றவரும் அவரே ஆதலால், ஆட்டம் முழுவதும் களத்தை விட்டு அகலாதவர் என்ற பெருமையும் அவரைச் சார்ந்தது. அந்த ஆட்டம் முடிந்த நாளிலே கொழும்புப் பஸ் நிலையத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பினால் தொடர் கைவிடப்பட்டது. குருப்பு மொத்தம் நான்கு டெஸ்ட்களே ஆடினார்.

ரொமேஷ் களுவிதாரண

1969 நவம்பர் 24இல் கொழும்பில் பிறந்து, மொரட்டுவை புனித செபஸ்தியான் கல்லூரியில் பயின்ற ரொமேஷ் களுவிதாரணவின் வருகையோடு இவ்வரலாற்றின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. குறுகிய உருவமும் பலத்த முன்கைகளும் உடைய இவர், 1992 ஆகஸ்டில் சிங்கள விளையாட்டுக் கழக மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே 158 பந்துகளில் 26 நான்கு ஓட்டங்கள் உட்பட ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் விளாசினார். அசங்க குருசிங்கவும் அர்ஜுன ரணதுங்கவும் அதே இன்னிங்ஸில் சதமடிக்க, இலங்கை 547 ஓட்டங்கள் பெற்று 291 ஓட்டங்களால் முன்னிலை வகித்தும், இறுதியில் 181 என்ற இலக்கை எட்டமாட்டாது 16 ஓட்டங்களால் தோற்றது. அத்தொடரின் அடுத்த டெஸ்டில் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அறிமுகமானவர் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன். எண்ணூறு விக்கெட்டுகளை நோக்கிய அந்த நெடும் பயணத்தின் முதலடியில் அவருக்குக் காப்பாளராக நின்றவர் தம் இரண்டாம் டெஸ்டை ஆடிய களுவிதாரணவே.

இத்தகைய அறிமுகம் பெற்றும் அவருடைய ஸ்தானம் நிலைபெறவில்லை. அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் கண்டியைச் சேர்ந்த புபுது தசநாயக்கவே பெரும்பாலும் காப்பாளராக ஆடினார். களுவிதாரணவைப் பிரசித்தராக்கியது 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு மாற்றம். முதல் பதினைந்து ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களுக்கு மாத்திரம் இடமளித்த விதியை மற்றைய அணிகள் எச்சரிக்கையோடு பயன்படுத்த, அணித்தலைவர் ரணதுங்கவும் பயிற்றுநர் டேவ் வட்மோரும் மத்திய வரிசையில் ஆடிவந்த காப்பாளரை மேலேற்றிச் சனத் ஜயசூரியவுக்குத் துணையாக ஆரம்பத்திலே இறக்கினர். மெல்பேர்னில் ஜனவரி 9ஆம் திகதி அவர் 75 பந்துகளில் 77 ஓட்டங்கள் அடித்து அணிக்கு வெற்றி தேடித்தந்தார். ஆரம்ப ஓவர்களில் பந்தைக் களத்தடுப்பாளரின் தலைக்கு மேலே தூக்கியடிக்கும் அம்முறை, இரு மாதங்களின் பின் உலகக் கிண்ணத்தில் ஏனைய அணிகளைத் திகைக்கவைத்தது. மார்ச் 2ஆம் திகதி டில்லியில் இந்தியாவின் 271 ஓட்டங்களைத் துரத்துகையில் முதல் மூன்று ஓவர்களிலே 42 ஓட்டங்கள் பிறந்தன. அதில் 16 பந்துகளுக்கு 26 ஓட்டங்கள் களுவிதாரணவின் பங்கு.

எனினும் புள்ளியேட்டை நிதானமாகப் புரட்டுவோர் ஓர் ஆச்சரியத்தைக் காண்பர். அவ்வுலகக் கிண்ணத்தில் ஆறு இன்னிங்ஸ்களிலும் அவர் சேர்த்த ஓட்டங்கள் மொத்தம் 73 மாத்திரமே. அரையிறுதியில் ஓட்டமெதுவும் பெறாமலும், மார்ச் 17இல் லாஹூரில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் ஆறு ஓட்டங்களோடும் வெளியேறினார். ஆனால் கல்கத்தாவில் நிகழ்ந்த அதே அரையிறுதியில், ஒரு விக்கெட் மாத்திரம் இழந்து 98 ஓட்டங்களோடு இந்தியா வெற்றிப் பாதையில் சென்றுகொண்டிருக்க, ஜயசூரிய வீசிய பந்து 65 ஓட்டங்களோடு நின்ற இந்தியத் துடுப்பாட்டக்காரர் டெண்டுல்கரின் காலில் பட்டு அருகே உருண்டது. ஓட்டமொன்று கிடைக்குமென நம்பி அவர் கிறீஸை விட்டு ஓரடி வெளியே வைத்த அந்தக் கணத்தில், பந்தைப் பொறுக்கியெடுத்த களுவிதாரண அதே அசைவில் ஸ்டம்பைச் சாய்த்துவிட்டார். அதன்பின் ஆறு விக்கெட்டுகள் 22 ஓட்டங்களுக்குள் சரிய, 120 ஓட்டங்களில் ரசிகர்களின் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. துடுப்பின் பொருட்டுப் புகழப்பட்ட மனிதர், கிண்ணத்தை அணுகச் செய்த மிகப் பெரிய காரியத்தைக் கையுறையாலேயே செய்தார்.

அவருடைய முழு வாழ்வின் கணக்கும் இதற்கே சாட்சி. 49 டெஸ்ட்களில் 1,933 ஓட்டங்கள், சராசரி 26.12, 189 ஒருநாள் ஆட்டங்களில் 3,711 ஓட்டங்கள், சராசரி 22.22, ஆனால் ஒருநாள் ஆட்டங்களில் மாத்திரம் 75 ஸ்டம்பிங்குகள். முரளிதரனின் பந்து ஆடுகளத்திலே பட்டு எழும் விதத்தைப் பழக்கத்தால் உணர்ந்த கைகள் அவை. அதிரடி என்னும் பெயர் சில மாலைகளின் நினைவில் நிலைத்தது. கையுறையின் உழைப்போ பல ஆண்டுகளாக ஏட்டின் ஓரத்தில் சிறு எழுத்துகளாகத் தங்கிவிட்டது.

உலகக் கிண்ணத்தின் பின் ஏனைய நாடுகளும் ஒருநாள் ஆட்டத்தில் காப்பாளரை ஆரம்பத்திலே இறக்கிப் பார்க்கத் தொடங்கின. 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியா அவ்விடத்தில் நிறுத்திய அடம் கில்கிறிஸ்ட், டெஸ்ட் ஆட்டத்திலும் 47.60 என்ற சராசரியோடு 17 சதங்கள் பெற்று, காப்பாளர் என்றால் இத்துணை ஓட்டம் தரவேண்டும் என்னும் அளவுகோலையே உயர்த்திவிட்டார். அவருக்குப் பின், முப்பதுக்குக் குறைந்த சராசரியுடைய காப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராயினும் குறையுடையவராகவே நோக்கப்பட்டார். 2007 ஏப்ரல் 28இல் பிரிட்ஜ்டவுனில் நிகழ்ந்த உலகக் கிண்ண இறுதியில் 104 பந்துகளில் 149 ஓட்டங்களால் இலங்கையின் கனவைக் கலைத்தவரும் அவரே.

குமார் சங்கக்காரவும் பிரசன்ன ஜயவர்தனவும்

1977 அக்டோபர் 27இல் மாத்தளையில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் கல்வி கற்ற குமார் சங்கக்கார, 2000 ஜூலையில் காலியிலே முதலில் ஒருநாள் அணியிலும் அதே மாதத்தில் டெஸ்ட் அணியிலும் களுவிதாரணவின் ஸ்தானத்தைப் பெற்றார். அவர் காப்பாளராகவே அணிக்குள் பிரவேசித்தார். ஆயினும் மூன்றாம் இலக்கத்தில் துடுப்பெடுத்தாடும் அவருடைய திறன் வெகு விரைவிலே மற்றெல்லாவற்றையும் மறைத்தது. 2002 மார்ச்சில் லாஹூரில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசிய டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதியில் அவர் குவித்த 230 ஓட்டங்கள், டெஸ்ட் வரலாற்றில் காப்பாளர் ஒருவர் பெற்ற மிகப் பெரிய எண்ணிக்கைகளுள் ஒன்று. நாள் முழுதும் குந்தியெழுந்து காத்தவர், எதிரணியின் இன்னிங்ஸ் முடிந்த சிறு பொழுதிலே, முதல் விக்கெட் விழுந்தவுடன் புதுப்பந்தை எதிர்கொள்ள மீண்டும் வரவேண்டுமென்பது எத்தகைய பாரம் என்பதை அவ்விலக்கத்தில் ஆடிய காப்பாளர் மிகச் சிலரே அறிவர்.

மறுபுறத்தில், களுவிதாரண கற்ற அதே மொரட்டுவைக் கல்லூரியிலிருந்து வந்த பிரசன்ன ஜயவர்தன என்னும் இளைஞர், குணதிலக்கவின் பின் இலங்கை கண்ட மிகச் சிறந்த கையுறைக்காரரெனப் பலராலும் கருதப்பட்டு, சங்கக்காரவின் நிழலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். 2004இல் களுவிதாரணவைச் சிலகாலம் திரும்ப அழைத்துப் பரீட்சித்த தேர்வாளர்கள், 2006 ஜூலையில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான தொடரிலே கையுறையைப் பிரசன்னவிடம் ஒப்படைத்துச் சங்கக்காரவை வெறுந் துடுப்பாட்டக்காரராக விடுவித்தனர். சிங்கள விளையாட்டுக் கழக மைதானத்தில் நிகழ்ந்த முதல் டெஸ்டிலேயே அதன் பலன் வெளிப்பட்டது: இரண்டு விக்கெட்டுகள் 14 ஓட்டங்களுக்குள் வீழ்ந்தபின் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் இணைந்து 624 ஓட்டங்கள் சேர்த்தனர், முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் இதனைவிடப் பெரிய இணைப்பாட்டம் இல்லை. சங்கக்கார 287, மஹேல 374.

சங்கக்காரவின் டெஸ்ட் வாழ்வை இரு கூறாகப் பிரித்தால் இவ்விஷயத்தின் சாரம் விளங்கும். கையுறையணிந்து ஆடிய 48 டெஸ்ட்களில் 3,117 ஓட்டங்கள், ஏழு சதங்கள், சராசரி 40.48, கையுறையின்றி ஆடிய 86 டெஸ்ட்களில் 9,283 ஓட்டங்கள், 31 சதங்கள், சராசரி 66.78. வயதும் அனுபவமும் முதிர்ந்த காலத்தில் அமைந்தது இரண்டாம் கூறு என்பதை மறக்கலாகாது. சிம்பாப்வேயின் அன்டி பிளவர் கையுறையணிந்தே 53.70 என்ற சராசரியைப் பேணியதால், காப்பு எல்லோருடைய துடுப்பையும் குன்றச் செய்யுமென்று விதி வகுப்பதும் பொருந்தாது. ஆயினும் சராசரியில் இருபத்தாறு ஓட்ட வித்தியாசம் வயதால் மாத்திரம் விளைந்ததெனக் கொள்ளுதல் அரிது. 58 டெஸ்ட்கள் ஆடிய பிரசன்னவின் சராசரி 29.50. அவ்விடத்தில் நாற்பது சராசரியுடைய துடுப்பாட்டக்காரர் ஒருவரை ஆடவைத்திருந்தால் கிட்டக்கூடிய பத்து ஓட்டங்களை இழந்து, சங்கக்காரவிடம் இருபத்தாறையும், கூடவே முரளிதரனுக்குப் பிழையறியாத காப்பாளரையும் அணி பெற்றுக்கொண்டது.

பிரசன்ன வெறுங் கையுறைக்காரராகவும் நின்றுவிடவில்லை. 2009 நவம்பரில் அகமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் பெற்று, 275 அடித்த மஹேலவோடு ஆறாம் விக்கெட்டுக்கு 351 ஓட்டங்கள் சேர்த்தபோது, அவுஸ்திரேலியரான பிரட்மனும் பிங்கிள்டனும் 1937இல் நிறுவிய 346 ஓட்டச் சாதனை முறியடிக்கப்பட்டது. 2010 ஜூலை 22இல் காலியில் முரளிதரன் தம் 800ஆவது விக்கெட்டைக் கைப்பற்றியபோதும் ஸ்டம்பின் பின்னே நின்றவர் பிரசன்னவே.

ஒருநாள் ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே ஐம்பது ஓவர்களோடு காப்பாளரின் உழைப்பு முடிவதாலும், பதினொருவருள் ஓரிடம் மிச்சமாவது பெரும் நன்மையாதலாலும், சங்கக்கார இறுதிவரை கையுறையைக் கழற்றவில்லை. அவ்வகை ஆட்டத்தில் காப்பாளராக அவர் ஆட்டமிழக்கச் செய்தோர் 482 பேர். அது உலக சாதனை. 2015 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷ், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஸ்கொட்லாந்து ஆகிய அணிகளுக்கு எதிராகத் தொடர்ந்து நான்கு சதங்கள் அடித்தபோதும் அவர் காப்பாளரே. அதே வருடம் ஆகஸ்டில், 134 டெஸ்ட்களில் 12,400 ஓட்டங்களும் 57.40 என்ற சராசரியும் பெற்று ஓய்வு பெற்றார். மலையகத் தமிழர் அவரை நினைவுகூர வேறொரு காரணமும் உண்டு: 1983 ஜூலைக் கலவரத்தின்போது தம் பெற்றோர் கண்டியிலுள்ள இல்லத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததை, 2011 ஜூலை 4இல் லோர்ட்ஸில் ஆற்றிய கௌட்ரி நினைவுப் பேருரையிலே அவர் உலகறியச் சொன்னார்.

பிற்காலத்தவர்

பிரசன்னவின் பின் இரு பொறுப்பும் மீண்டும் ஒருவரிடமே சேர்ந்தன. தினேஷ் சந்திமால் 2015 ஆகஸ்டில் காலியில், இந்தியாவை விட 192 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 162 ஓட்டங்கள் விளாசித் தோல்வியை வெற்றியாக்கினார். பின்னாளில் அவரும் கையுறையைக் கழற்றித் துடுப்பாட்டக்காரராகவே நீடித்தார். திரித்துவக் கல்லூரியின் மற்றொரு மாணவரான நிரோஷன் டிக்வெல்ல, 54 டெஸ்ட்களில் 22 அரைச்சதங்கள் பெற்றும் ஒரு சதமேனும் காணாதவர். ஓங்கியடிப்பதில் பெயர் பெற்ற இடதுகையாளர் குசல் ஜனித் பெரேரா காப்பாளராகவே டெஸ்ட் அணிக்குள் வந்தார். ஆனால் அவருடைய மகத்தான இன்னிங்ஸாகிய, 2019 பெப்ரவரியில் டேர்பனில் பத்தாம் விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவுடன் 78 ஓட்டங்கள் சேர்த்து வென்ற ஆட்டமிழக்காத 153, கையுறை டிக்வெல்லவிடம் இருந்தபோது பிறந்ததாகும்.

2023 அக்டோபர் 10இல் ஹைதராபாத்தில் நிகழ்ந்த உலகக் கிண்ண ஆட்டமொன்று இப்பொருளுக்கு நல்ல விளக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 77 பந்துகளில் 122 ஓட்டங்கள் அடித்த காப்பாளர் குசல் மெண்டிஸ், தசைப்பிடிப்பால் மீண்டும் களமிறங்க முடியாது போகவே, அதே இன்னிங்ஸில் சதமடித்திருந்த சதீர சமரவிக்ரம கையுறையை அணிந்துகொண்டார். பாகிஸ்தான் 345 ஓட்டங்களை எட்டி வென்றது. ஓர் உடலிடம் இரண்டு உடல்களின் உழைப்பைக் கேட்பதன் எல்லை அன்று வெளிப்படையாயிற்று.

பேஸ்போல் ஆட்டத்தில் ஒப்புமை

இதே வழக்கு அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் கெட்சர் என்னும் பொறுப்பாளரைப் பற்றியும் நிலவுகிறது. அவர் பந்தெறிபவருக்கு எதிரே முகமூடியும் மார்புக் கவசமும் அணிந்து குந்தியிருந்து, ஒவ்வொரு பந்தையும் ஏற்பதோடு, அடுத்த நிலையைத் திருடி ஓடும் எதிராளியை 127 அடிக்கு அப்பாலுள்ள இரண்டாம் நிலைக்குப் பந்தெறிந்து வீழ்த்தவும் வேண்டும். இதற்கு மிகப் பிரசித்தமான உதாரணம் மைக் பியாஸா. தந்தையின் நண்பரான பயிற்றுநர் டொமி லசோர்டாவின் தயவால் 1988இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியினர் புதிய ஆட்டக்காரர் தெரிவின் 62ஆம் சுற்றில், 1,390ஆவது நபராக, அவரைத் தெரிந்தெடுத்தனர். 1993இல் 35 ஹோம் ரன்களோடு ஆண்டின் சிறந்த புதுமுகமாகி, மொத்தம் 427 ஹோம் ரன்கள் அடித்தார். அவற்றுள் 396 கெட்சராக ஆடுகையில் அடித்தவை. அத்துணை ஹோம் ரன்கள் கெட்சராக அடித்தவர் வேறொருவர் இல்லை. ஆனால் திருடி ஓடுவோரை வீழ்த்துவதில் அவர் மிக வலுவற்றவராக இருந்தார். நால்வரில் ஒருவரைக்கூட அவரால் வீழ்த்த முடிந்ததில்லை. நியூயோர்க் மெட்ஸ் அணி 2004இல் அவரை முதலாம் நிலைக்கு மாற்றிப் பார்த்தது. அங்கே அவர் சோபிக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சியாளர் பந்தேற்பை நுணுகி அளந்தபோது, பந்தை நடுவர் ஏற்கும் வண்ணம் அமைதியாக வாங்கும் கலையில் பியாஸா சராசரிக்கு மேற்பட்டவராக இருந்தார் என்பது தெரியவந்தது. எறியும் கையொன்றையே அளந்த உலகம் ஏற்கும் கையை அளக்கத் தவறியிருந்தது. 2016இல் அவர் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

ஊவாத் தோட்டங்களில்

மடுல்சீமை, பசறை, லுணுகலை, நமுனுகுலை முதலிய ஊவாத் தோட்டப் பகுதிகளில் கடினப்பந்துக் கிரிக்கெட்டுக்கு வேண்டிய சமதரையும், மெத்தையிட்ட காற்காப்பும், தோற்கையுறையும் எளிதில் கிட்டுபவையல்ல. ஆகவே பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய விடுமுறைகளில் தோட்ட இளைஞர் ஆடுவது பெரும்பாலும் மென்பந்துக் கிரிக்கெட்டே. மலைச்சரிவில் வெட்டிச் சமன்செய்த சிறு மைதானத்தில், காப்பாளரைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உள்ள கானில் விழுந்து கீழ்மலைவரை உருண்டுவிடும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும் காலத்திலோ பந்து காற்றோடு விலகிப் போவதும் உண்டு. அதனால் வெறுங்கையோடு விக்கெட்டின் பின் நிற்பவரின் மதிப்பைத் தோட்டத்து அணிகள் அனுபவத்தால் அறியும். ஆயினும் சுற்றுப்போட்டிகளில் பரிசு ஆறு ஓட்டங்கள் அடிப்பவருக்கே அதிகம் போய்ச் சேர்கிறது. தேசிய அளவிலே ஊவாவின் பெயர் ஒலித்த சந்தர்ப்பங்களுள் ஒன்று 2012 ஆகஸ்ட். அம்மாதத்தில் நிகழ்ந்த இலங்கைப் பிரீமியர் லீக் இருபது ஓவர்ப் போட்டியில் ஊவா நெக்ஸ்ட் அணி, நாகெனஹிர அணியை இறுதியாட்டத்தில் வென்று கிண்ணத்தைச் சுவீகரித்தது.

மதிப்பீடு

நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து, துடுப்பின் பொருட்டுக் கொண்டாடப்பட்ட களுவிதாரணவின் உறுதியான சேவை கையுறையிலும், காப்பாளராக நுழைந்த சங்கக்காரவின் மேன்மை கையுறையைக் கழற்றிய பின்னும் விளைந்தமை தெளிவாகும். ஆட்டக்காரரின் குறையெனப் பேசப்படுவது பல வேளைகளில் அணி அவரிடம் வைத்த கோரிக்கையின் குறையே. குறுகிய ஆட்டத்தில் இரு பொறுப்பும் ஒருவரிடம் சேர்வது லாபகரமானது என்பதைச் சங்கக்காரவின் 482 நிரூபிக்கிறது. ஐந்து நாள் ஆட்டத்தில், அதிலும் சுழற்பந்தை நம்பி வாழும் அணியில், அவற்றைப் பிரித்து வைத்த 2006ஆம் ஆண்டின் தீர்மானமே இலங்கைத் தேர்வாளர்கள் இவ்விஷயத்தில் எடுத்தவற்றுள் மிக விவேகமானது. முரளிதரன் போன்ற பந்துவீச்சாளரும் பிரசன்ன போன்ற காப்பாளரும் ஏககாலத்தில் கிடைத்த அந்த அரிய சேர்க்கை அமையாத காலங்களில், தேர்வாளர்கள் ஓட்டங்களை எண்ணியே காப்பாளரைத் தெரிந்தனர். தவறிய பிடிகளுக்கும் நழுவிய ஸ்டம்பிங்குகளுக்கும் புள்ளியேட்டில் தனி நிரல் வகுக்கப்படாதவரை அவ்வழக்கம் மாறுவதற்கு நியாயமில்லை.